கடைசியாகக் கண்டவள்

“இண்டைக்கும் பூசையில அதைத்தான் வாசிச்சாங்க,” என்று மெற்றில்டா சிரித்தாள். “யோவான்ல மகதலேனா தனியா யேசுட கல்லறைக்குப் போறா. மாற்குவில மூணு பொம்புளைகள் போறாங்க. மத்தேயு ஒரு தூதர் எண்டுறார், லூக்கா ரெண்டு பேர் எண்டுறார். ஒரு விடியக்காலையில நடந்ததுக்கு இத்தின கதையா?”

ஹுஸ்னியா கொண்டுவந்த வட்டிலப்ப இனிப்புப் பாத்திரத்தைத் திறந்தபடி தானும் சிரித்தாள்.

உயிர்த்த ஞாயிறு அன்று மருதமுனையிலிருந்து ஓட்டோ பிடித்துக் கல்முனைக்கு வந்து, சிநேகிதியின் வாயால் இதைக் கேட்காவிட்டால் அந்த வருடம் அவளுக்கு வருடமாகவே இராது.

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் தொடங்கிய வாதம் இது. ஆசிரியர் அறையில் பிளேன்ரீ ஆறிப்போகும். கொப்பி திருத்துகிறவர்கள் பேனையை வைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள்.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் மெற்றில்டாதான் சந்தேகக்காரி. சாட்சிகள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் எந்த நீதவான் நம்புவார் என்று கேட்பாள்.

“எங்களுக்கு அந்தக் கரைச்சலே இல்ல,” என்பாள் ஹுஸ்னியா. “ஈஸா நபிய, உங்கட யேசுவ, அல்லாஹ் உயிரோடயே உயர்த்திட்டான். மௌத்தானாத்தானே மறுகா எழும்புறதுக்கு.”

அறை முழுக்கச் சிரிப்புக் கிளம்பும். சத்தம் போடவேண்டாம் என்று சொல்ல வரும் அதிபரும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்த அறை இப்போது இல்லை. கடல் ஊருக்குள் வந்த காலையில் பள்ளிக்கூடத்தின் கிழக்குப் பக்கம் அப்படியே போயிற்று.

தட்டு காலியானதும் மெற்றில்டா தன் கதிரையைக் கிட்ட நகர்த்தினாள்.

“இனிச் சொல்லு ஹுஸ்னியா. டெஸ்மனை எங்க கண்ட?”

டெஸ்மன் அவளுடைய ஒரே மகன். அன்று காலை கூட்டாளிகளோடு கடற்கரைக்குப் போனவன். உடல் கிடைக்கவில்லை.

தண்ணீர் வற்றிய பிறகு அவனை உயிரோடு கண்டதாக ஊரில் சொன்னவள் ஹுஸ்னியா ஒருத்திதான். அதைக் கேட்ட பிறகே மெற்றில்டா ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். அந்த ஒரு சொல்லை நம்பி இருவரும் அம்பாறை ஆஸ்பத்திரிக்கும் இறக்காமத்து முகாம்களுக்கும் அலைந்தார்கள்.

“தண்ணி வத்திட்டு. நான் மெயின் ரோட்டுக்கு ஓடி வந்தன். சனத்துக்குள்ள நிண்டான். நீலச் சேட்டு போட்டு…”

சொல்லும்போதே ஹுஸ்னியாவுக்கு உறைத்தது.

போன வருடம் வெள்ளைச் சேட்டு என்றல்லவா சொன்னாள்? அதற்கு முந்திய வருடம் சொன்ன கதையில் அவன் நிற்கவில்லை, லொறியில் ஏறிக்கொண்டிருந்தான்.

முகத்தைக் கண்டாளா, முதுகை மட்டும் கண்டாளா என்பதே இப்போது நிச்சயமில்லை. அன்று ஒரு பையனைக் கண்டாள். அது மட்டும் உண்மை. அவள் வாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் உண்மை.

பயந்துபோய் மெற்றில்டாவைப் பார்த்தாள். தூதர்களை எண்ணிப் பிழை பிடிக்கிறவள். இருபது வருடமாக இந்தக் கதையை ஒரு சொல் விடாமல் கேட்கிறவள்.

மெற்றில்டா அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீலம் அவனுக்கு நல்ல வடிவு,” என்றாள். “சொல்லு, மறுகா?”