வாராவாரம் ஒரு காப்பி

“இந்தக் காலத்துல சொந்த அண்ணன்கிட்ட வீட்டுச் சாவியைக் குடுக்க மாட்டாங்க. முகம் தெரியாதவனோட கம்ப்யூட்டருக்கு மட்டும் வரவு செலவு மொத்தத்தையும் அனுப்பிடுவாங்க!” என்று பொருமினார் பெரியவர்.

“கிளவுட்ல இருந்தா பத்திரம் மாமா” என்றார் மருமகன்.

“நீங்க வாராவாரம் காப்பி எடுத்துத் தர்ற ஹார்டு டிஸ்க்கை பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கேன். அதைவிடப் பத்திரமா?”

பழைய கம்ப்யூட்டர் எரிந்துபோனதால், வீட்டுக் கணக்கைப் புதியதில் ஏற்ற வேண்டியிருந்தது. மருமகன் டிஸ்க்கைச் செருகினார். விளக்குகூட எரியவில்லை. திரும்பத் திரும்பச் செருகியும் பயனில்லை.

பெரியவருக்கு முகம் வெளுத்தது. “இத்தனை வருஷக் கணக்கும் போச்சா?”

மருமகன் ஏதோ தட்டினார். கணக்கு மொத்தமும் திரையில் வந்து நின்றது.

“கிளவுட்லேர்ந்துதான் மாமா. ஆரம்பத்துலேர்ந்தே அதுலயும் போட்டுட்டு வர்றேன்.”

“என்னைக் கேக்காமலா? அப்புறம் எதுக்கு மாப்பிள்ளை, வாராவாரம் காப்பி எடுக்க இவ்வளவு தூரம் அலைஞ்சீங்க?”

“உங்களைப் பார்க்கத்தான். சும்மா வந்தா, ‘போய் வேலையைப் பாருங்க’ன்னு வாசலோட அனுப்பிடுவீங்களே!”

பெரியவர் செருப்பை மாட்டினார்.

“எங்க மாமா?”

“புது டிஸ்க் வாங்க. அந்த கிளவுடையெல்லாம் நம்ப முடியாது. அடுத்த வாரம் சீக்கிரமா வந்துடுங்க” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.