ஆடாத கை

இன்னும் ஓர் அடி பின்னால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஏழு வருஷத்துக்கும் சேர்த்து இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிடலாம்.

மலை விளிம்பில், இடுப்பு உயரக் கம்பித் தடுப்பை ஒட்டிப் புகுந்த வீடு மொத்தமும் வரிசையாக நின்றது. மாமனார், மாமியார், நாத்தனார், நாத்தனாரின் கணவர், நடுவில் அவள் கணவன். அவர்களுக்குப் பின்னால் பள்ளமும் மேகமும்தான்.

"இன்னும் கொஞ்சம் பின்னால போங்க," என்றாள், போனை உயர்த்திப் பிடித்தபடி.

"இதுக்கு மேல போனா வேன் இல்லாமலே கீழ போய்ச் சேர்ந்துடுவோம்மா," என்றார் நாத்தனாரின் கணவர்.

"அவ சொல்ற இடத்துல நில்லுங்க. எக்ஸ்ரேக்காரி கை ஆடவே ஆடாது," என்று அவரை இழுத்து நிறுத்தினாள் நாத்தனார்.

கை ஆடாது. அதுதான் வினையாகப் போயிற்று. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் என்பதால், கல்யாணமாகிப் போன முதல் சுற்றுலாவிலேயே கேமராவை அவள் கையில் திணித்தார்கள். ஏழு வருஷம், ஏழு ஊர். ஒவ்வொரு ஊரிலும் எடுத்ததில் நல்ல படமாக ஒன்றைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார்கள். ஏழு சட்டத்திலும் அவள் இல்லை. 'நீயும் வந்து நில்லேன்' என்று யாரும் ஒப்புக்குக்கூடக் கூப்பிட்டதில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். போன மாதம் வீட்டுக்கு வந்த விருந்தாளி, ஏரிக்கரைப் படத்தைப் பார்த்துவிட்டு, "மருமக எங்க, காணோம்?" என்று கேட்டார். மாமியார் யோசித்தார். கணவன் அதைவிட அதிக நேரம் யோசித்தான். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்து, "நீ அந்தத் தடவ வரலைல்ல?" என்றான்.

அந்த ஏரிக்கரை ஊரில் அவனுக்குக் காய்ச்சல் வந்து, இரண்டு நாள் அறையை விட்டு நகராமல் நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டவள் அவள்.

அன்றைக்கு அவளுக்கு உள்ளே என்னவோ ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. இந்தப் பயணத்துக்கு எல்லோருக்கும் முன்னால் பெட்டி கட்டி வைத்தவளும் அவள்தான்.

"ஆமா, என் தொப்பைய என்ன பண்றது?" என்றார் நாத்தனாரின் கணவர்.

"எக்ஸ்ரேல எலும்பு மட்டும்தான் தெரியும், கவலப்படாதீங்கண்ணா. எல்லாரும் மூச்ச நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க. ஆடக் கூடாது."

ஐந்து பேரும் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்தார்கள். அவள் கட்டைவிரலால் திரை மூலையில் இருந்த சுழல் அம்புக்குறியை ஒருமுறை தட்டினாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று எடுத்தாள். நாத்தனாருக்கு விழி பிதுங்கியது.

"ம்... விடலாம்."

"எடுக்கறவளும் நீ, சிரிக்கறவளும் நீயா?" என்றார் மாமியார், மூச்சு வாங்கிக்கொண்டே.

"நான் சிரிச்சாத்தானே அத்தை உங்களுக்கும் சிரிப்பு வரும்."

அங்கிருந்து பழைய கோட்டைக்குப் போனார்கள். முந்நூறு படி. உச்சிக்குப் போனதும் வெளிச்சம் சரியில்லை என்றாள். பாதி வழி இறக்கி, மறுபடி ஏற்றினாள். நாத்தனாரின் கணவரைப் பீரங்கி மேல் உட்கார வைத்தாள். ஏறியவருக்கு இறங்கத் தெரியவில்லை. காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்து, பிள்ளை குட்டி பெற்ற மனுஷன்தானா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டுப் போனான்.

கணவனை உச்சி வெயிலைப் பார்த்து நிற்கச் சொன்னாள்.

"கண்ணு கூசுதுடி."

"மூடாதீங்க. மூடினா மறுபடி மொதல்லேர்ந்து."

இது சின்னத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் இனித்தது. இனிப்பதைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"எங்க காட்டு, எப்படி வந்திருக்கு?" கண்ணைக் கசக்கிக்கொண்டே அவன் கையை நீட்டினான்.

அவள் போனைப் பைக்குள் போட்டாள். "ஆஸ்பத்திரில பாதியில காட்டுவாங்களா? ரிப்போர்ட் எல்லாம் கடைசிலதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் கால் வலிக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை, ஊர் திரும்புவதற்கு முன்னால், விடுதியின் சாப்பாட்டு அறையில் டீ வந்தது. மாமியார் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார். நாத்தனாருக்கு மட்டும் உற்சாகம் குறையவில்லை.

"அம்மா, இந்தத் தடவ சுவரு முழுக்க வர்ற மாதிரி பெரிய சட்டமா சொல்லிட்டேன். கடைக்காரர் படத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கார். ஏய் எக்ஸ்ரே, எல்லாத்தையும் குரூப்ல போடு."

அவள் டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

"போடேன், என்ன யோசன?" என்றான் கணவன். "அவ்வளவு வெயில்ல நின்னிருக்கோம்."

மாமனார்கூடக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் போனைத் தயாராக எடுத்து வைத்தார்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை, கையும் ஆடவில்லை.

"போட மாட்டேன் அண்ணி. நூத்திப் பத்து படத்துலயும் நான் மட்டும்தான் இருக்கேன்."