ஒரு கிளிப் குறையுது

"ஒரு கிளிப் குறையுது, மிஸ்டர் ஒரெஸ்ட்."

மாடியில் இருக்கும் புகை அலாரத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அடியிலிருந்த பேஸ்மெண்டுக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரெஸ்ட், படிக்கட்டில் பாதியிலேயே நின்றுவிட்டார்.

"என்னது? மறுபடியுமா?"

"சுவிட்சுப் பெட்டியிலேர்ந்து ஒரு அடிக்குள்ள, ஒயரைச் சட்டத்தோட சேத்து ஒரு கிளிப் அடிச்சிருக்கணும். இங்க வந்து பாருங்க, ஒயர் ஊஞ்சலாடுது" என்று டார்ச் அடித்துக் காட்டினார் மின்சார இன்ஸ்பெக்டர் மார்லீன்.

உண்மைதான். நான்கு பக்கமும் மரச்சட்டங்களில் வெள்ளை ஒயர் கோடு போட்டாற்போல் போய்க்கொண்டிருக்க, அந்த ஒரு இடத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடிச்சேனே! என் கையால அடிச்சேன், சத்தியமா!"

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. அன்னிக்கு ஹீட்டருக்குப் பின்னால காணோம். இந்த லட்சணத்துல மேல பலகையை வச்சு மூடினீங்கன்னா, ஒயர் ஆடி ஆடி என்னிக்காவது கழண்டுக்கும். அப்புறம் தீப்பிடிச்சா யார் பொறுப்பு? சரி பண்ணி வைங்க, வெள்ளிக்கிழமை வர்றேன்."

"ஒரு காபியாவது குடிச்சிட்டுப் போங்களேன். வெளியில மைனஸ் இருபத்தஞ்சு."

"இந்த வேலைக்கான பர்மிட் முடியறவரைக்கும் உங்க வீட்டுல பச்சைத் தண்ணி கூடக் குடிக்கக் கூடாது. விதி."

"குளிருக்காவது கொஞ்சம் இரக்கம் காட்டக் கூடாதா உங்க விதி?"

மார்லீன் சிரித்துக்கொண்டே பனிக்குள் நடந்தார். ஒரெஸ்டுக்கு அந்தச் சிரிப்பு போதும், ஆனால் அந்த விதிதான் அவர் உயிரை வாங்கியது.

வின்னிபெக் நகரத்தில் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஆறு வருஷமாகிறது. சும்மா இருக்க முடியாமல் பேஸ்மெண்டில் ஒரு அறை கட்ட ஆரம்பித்தார். முதல் தடவை பார்க்க வந்த மார்லீன், "சட்டத்துல ஓட்டை போட்டிருக்கிறதே இவ்வளவு நேரா இருக்கே!" என்று வாய்விட்டுப் பாராட்டினார். காபி வேண்டாமென்று சொல்லும்போது, "வீட்டுல போய் நானே போட்டு நானே குடிச்சுக்கறேன். எனக்குத்தான் வேற யார் இருக்கா?" என்றும் சொன்னார். அன்றிலிருந்து ஒரெஸ்ட் தினமும் சவரம் செய்துகொள்கிறார்.

சனிக்கிழமை சர்ச் ஹாலில் கொழுக்கட்டை விருந்து, அதற்குப் பிறகு நடனம். இரண்டு டிக்கெட் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஆனால் பர்மிட் முடியாமல் காபிகூடத் தொடாத மனுஷியை விருந்துக்கு எப்படிக் கூப்பிடுவது? வெள்ளிக்கிழமை மார்லீன் பாஸ் பண்ணிப் பச்சைச் சீட்டு ஒட்டியாக வேண்டும். இல்லையென்றால் டிக்கெட் வீண்.

"எல்லாம் உன் வேலைதானா?" என்று தன் நாய் மிஷ்காவைப் பிடித்துக்கொண்டார். "சாக்ஸ் திருடினது போதாதுன்னு இப்ப கிளிப்பும் வேணுமோ உனக்கு?"

மிஷ்கா வாலை ஆட்டியது.

அன்றே நாய்க்குப் பேஸ்மெண்டில் தடை விதிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரெஸ்ட் ஒவ்வொரு கிளிப்பாக இழுத்துப் பார்த்தார். இரண்டு தடவை எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூடக் குறையவில்லை.

பத்து மணிக்கு மார்லீன் வந்தார். பூட்ஸைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கினார்.

"முதல்ல மேல போய்ப் புகை அலாரத்தை அமுக்கிட்டு வாங்க."

"அதைத்தான் ரெண்டு தடவையும் அமுக்கினோமே. அது என்னைவிட ஆரோக்கியமா இருக்கு!"

"விதி, மிஸ்டர் ஒரெஸ்ட்."

முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறினார். துடைப்பக் கட்டையால் அலாரத்தை அமுக்கினார். அது அலறியது, கூடவே மிஷ்காவும் குரைத்தது. நாயைச் சமாதானப்படுத்திவிட்டு அவர் இறங்கி வருவதற்குள் மார்லீன் ஜன்னல் பக்கம் போயிருந்தார்.

"மிஸ்டர் ஒரெஸ்ட், இங்க ஒரு கிளிப்..."

"குறையுதா?"

"ஆமாம்."

ஒரெஸ்ட் பெயிண்ட் வாளியின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இருக்கவே முடியாதுங்க! காலையில ரெண்டு தடவை எண்ணினேன். நாயும் மேலதான் இருக்கு. இந்த வீட்டுல பேய்தான் புகுந்திருக்கு. இல்ல, எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு."

"ஒரு கிளிப்தானே? அடிச்சிட்டா, திங்கட்கிழமை வந்து..."

"திங்கட்கிழமை யாருக்கு வேணும்!" ஒரெஸ்ட் கத்தியே விட்டார். சட்டைப் பையிலிருந்து இரண்டு டிக்கெட்டையும் உருவி நீட்டினார். "நாளைக்குங்க விருந்து! பர்மிட் முடியாம நீங்க ஒரு காபி குடிக்க மாட்டேங்கறீங்க. பர்மிட் முடிஞ்சாத்தானே உங்களை நான் கூப்பிட முடியும்? அதுக்காகத்தான் இந்த ஓட்டம் ஓடிக்கிட்டிருக்கேன். இந்த அறையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க எங்கூட வந்து உக்காந்து நாலு கொழுக்கட்டை சாப்பிட்டாப் போதும் எனக்கு."

மார்லீன் டிக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல்வரை சிவந்துபோயிருந்தது. பிறகு பையைத் திறந்து பச்சைச் சீட்டை எடுத்தார், கையெழுத்துப் போட்டார், முதல் சட்டத்தில் அழுத்தி ஒட்டினார்.

"ஐயோ, கிளிப்பு குறையுதுன்னீங்களே?"

மார்லீன் கோட்டுப் பாக்கெட்டுக்குள் கையை விட்டு, ஆணி கொஞ்சம் வளைந்த மூன்று கிளிப்புகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தாங்க, நான் கழட்டின மூணும். ஜன்னல்கிட்ட ஒண்ணை அடிச்சிடுங்க. பாஸ் பண்ணிட்டா இந்த வீட்டுக்கு இனிமே என்ன சாக்கு சொல்லிட்டு வர்றதுன்னு தெரியாம, உங்களை மேல அனுப்பிட்டு நான் ஸ்க்ரூட்ரைவரும் கையுமா நின்னுக்கிட்டிருக்கேன். இதை முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, மனுஷா?"