மடையை அடைக்கும் மாத்திரை

மரக்காணம் உப்பளத்தில் உச்சி வெயில் கண்ணைக் கூசுகிறது. சுனாமி நிவாரணத்தில் வந்த நீலக் குடத்திலிருந்து வைஜெயந்தி தண்ணீர் மொள்வதைப் பார்த்த மேஸ்திரி சிவப்பிரகாசம், குடத்தை எட்டி உதைக்கிறார். "கேன்சர்காரி தொட்ட தண்ணிய எவன் குடிப்பான்?" வாயிலிருந்த புகையிலை எச்சிலை உப்புக் குவியலின் மேலேயே துப்புகிறார். வெள்ளை உப்பில் பழுப்பு நுரை மெல்ல வழிகிறது. வைஜெயந்தியின் உள்ளங்கையில் மாத்திரை வியர்வையில் நனைகிறது. "ஒட்டிக்கிற நோவு இல்லீங்க. ரத்தத்துல என்சைமுன்னு ஒண்ணு, அணுவெல்லாம் பெருகு பெருகுன்னு ஏவிக்கினே இருக்குதாம். நம்ம மடைய அடைக்காம உட்டா பாத்தி முழுவிப் போவுதுல்ல, அப்பிடி. இந்த மாத்திரதான் அத அடைக்குது. ஒரு நாளும் உடக்கூடாதுங்க." "ஊட்ல போயி அடைச்சிக்க, போ!" சுற்றி நிற்பவர்கள் தலை குனிந்து உப்பு வாருகிறார்கள். அதைப் பார்க்க எச்சிலைவிட அருவருப்பாக இருக்கிறது. ஆரோக்கியசெல்வி மட்டும் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு வந்து, தன் கஞ்சித் தூக்கைத் திறந்து நீட்டுகிறாள். "முழுங்குக்கா." வியர்வையில் வழுக்கும் கையோடு வைஜெயந்தியால் தூக்கை உயர்த்தி அண்ணாந்து குடிக்க முடியவில்லை; விளிம்பில் வாய் வைத்து மாத்திரையை விழுங்குகிறாள். எப்போதும் அண்ணாந்தே குடிக்கும் செல்வி, தூக்கைத் திரும்ப வாங்கி, துடைக்காமல், அதே விளிம்பில் வாய் வைத்து மிச்சக் கஞ்சியைக் குடிக்கிறாள். குவியலில் எச்சில் இன்னும் காயவில்லை.