தட்டின் அடிப்பக்கம்

தராசில் ஏமாற்றுவது எளிது. எடைக்கல் வைக்கும் தட்டின் அடியில் ஒரு புளி உருண்டையை ஒட்டினால் போதும். மறுதட்டில் இரண்டு கைப்பிடி பூவைக் கூடுதலாகப் போட்டால்தான் முள் நடுவில் நிற்கும். மல்லிகை வியாபாரி அரியமுத்து பதினெட்டு வருடம் இப்படித்தான் பூ வாங்கினார். அவர் நொடித்துப் போனபோது, அவரிடம் பூப் போட்டுவந்த பெண்கள் சங்கமாகச் சேர்ந்து கடையையும் தராசையும் ஏலத்தில் எடுத்தார்கள். தட்டில் புளி இருந்த கருவட்டத்தை வேண்டுமென்றே தேய்க்காமல் விட்டார்கள். பூக் கொண்டுவருபவர் முதலில் தன் கையால் அந்தத் தட்டைத் திருப்பி, வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று புதிதாக ஒரு விதி வைத்தார்கள். இன்று அரியமுத்துவே தன் தோட்டத்துப் பூவோடு, செங்கமலம் எடை போடும் அந்தத் தராசுக்கு வந்தார்.

“எடை போட்டுடு செங்கமலம். எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு.”

“எங்களுக்கும் இருந்துச்சு முதலாளி. திருப்புங்க.”

“எல்லாரும் பாக்குறாங்கம்மா.”

“பாக்கத்தானே நிக்கிறாங்க.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெயில் ஏறியது. விரிந்த மொட்டை இந்தக் கடையில் வாங்குவதில்லை. அது அரியமுத்து போட்ட விதி, அதை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. அவர் தட்டையே பார்த்தார். செங்கமலம் அவசரப்படாமல் அவர் கூடையைப் பார்த்தாள். மேலாக இருந்த மொட்டு ஒன்று மெல்ல விரிந்தது.