சகாயராணியின் பால்கனி

பழைய ஆட்சி அந்த அடுக்குமாடிக் குடியிருப்பை இடிக்கப் பார்த்தது. புதிய ஆட்சி அதை நவீனக் கட்டடக்கலைச் சின்னமாக அறிவித்தது. உள்ளே மனிதர்கள் குடியிருப்பது மட்டும் இரண்டு ஆட்சியின் கண்ணிலும் படவில்லை. விரிசலுக்குச் சிமென்ட் பூசச் சொன்னால், கட்டடத்தின் மேலேயே அதன் பழைய தோற்றத்தைக் காட்டும் ஒளித்திரை போட்டுவிட்டுப் போனார்கள். தெருவிலிருந்து பார்த்தால் திறப்பு விழா அன்று இருந்தபடியே தெரியும்: வெள்ளைச் சுவர், நேர்கோட்டில் பால்கனிகள், கொடியில் ஒரு துணிகூடக் கிடையாது.

போன வாரம் இரண்டாம் மாடியில் சகாயராணியின் பால்கனி பெயர்ந்து விழுந்தது. துணி எடுக்கப் போன அவள் கணவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியதால் உயிர் பிழைத்தான். இடிபாட்டை அன்றைக்கே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

குடியிருப்பே கொதித்துப்போய் வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி கட்டியது. சகாயராணி கீழே இறங்கிப் போய்ப் பார்த்தாள். ஒரு கொடிகூடத் தெரியவில்லை. சுற்றுலா வந்தவர்கள் அழகு அழகு என்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பொறியாளர் வந்தார். சுவரோரமாக நின்றபடியே அண்ணாந்து பார்த்தார்.

“பால்கனி அங்கதானேம்மா இருக்கு? எதுக்கு சும்மா புகார் குடுக்கறீங்க?”

சகாயராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இருக்குல்ல சார்? அப்ப மேல வாங்க. டீ போட்டுத் தர்றேன். அந்தப் பால்கனியில நின்னு குடிச்சிட்டுப் போங்க.”

பால்கனிகளுக்கு நேர் கீழே நின்றிருந்த பொறியாளர், மெல்ல நகர்ந்து தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்.