முதுகுக்காரி

காட்சிக்கூடத்து ஜன்னல் வெயில் எதிர்ச்சுவரில் விழுகிறது. படம் விற்றுப்போய் நாலு நாளாகிறது. அது தொங்கிய இடம் மட்டும் சதுரமாக, வெளுப்பாக, ஒற்றை ஆணியோடு இருக்கிறது. கூட்டுகிற அக்கா துடைப்பத்தை ஊன்றியபடி அதையே பார்க்கிறாள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒருத்தியின் படம். இன்றைக்காவது திரும்புவாளா என்று பதினோரு வருஷமாக இவள் காத்துக் கிடந்தாள். “வெறுஞ்சுவத்துல என்னக்கா இருக்கு?” என்று சிரிக்கிறார் காவல்காரர். “அந்தப் படமே சுமார்தான்னு படிச்சவங்க சொல்லிட்டாங்களே.” “அவங்க அவ மூஞ்சியப் பாத்தாங்களாமா?” “நீ மட்டும் பாத்தியாக்கா?” அக்கா தன் நிழல் அந்தச் சதுரத்தில் விழுவதைக் கண்டதும், என்றைக்கும்போல, முதுகுக்காரிக்கு வெளிச்சத்தை மறைக்காமல் ஓரமாக நகர்ந்து நின்றுகொள்கிறாள்.